25 பிரேமில் 24

என் பாட்டி எல்மினா தோட்டத்தில் பால் மரம் சீவியவர். மலேசியாவில் சுங்கை பூலோ பக்கம் இருந்த அந்தத் தோட்டம் இன்று இல்லை. அதே பெயரில் மாடி வீடுகளும் பூங்காவும் பெருஞ்சாலையுமாக ஒரு நகரம் இருக்கிறது. 1977-இல் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கித்தா மரம்தான், அதாவது ரப்பர். அந்த ஆண்டு செப்டம்பர் 27 சாயங்காலம் பாட்டி லயத்து வீட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், உலை வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டதாம்.

"இடின்னா உருண்டு போயி அடங்கும் ஐயா. இது உருளல. வந்துச்சு, நின்னுருச்சு" என்பார்.

அது ஜப்பான் ஏர்லைன்ஸின் 715-ஆம் எண் விமானம். டிசி-8 ரகம். தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்து, அப்போதைய கோலாலம்பூர் விமான நிலையமான சுபாங்கில் இறங்க வேண்டியது. ஓடுபாதை கண்ணில் படாமலேயே, இறங்கலாம் என்று விதித்த குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே போய்த் தோட்டத்துக் குன்றில் மோதியது. 79 பேரில் 34 பேர் இறந்தார்கள். டார்ச்லைட்டும் பாராங் கத்தியும் எடுத்துக்கொண்டு ஓடிய ஆண்களோடு தாத்தாவும் போனார். பாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆக, அவர் அந்த விபத்தைப் பார்க்கவில்லை. கேட்டது மட்டும்தான். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கேட்டதற்கு மேல் எதையும் அவர் சேர்த்துச் சொன்னதில்லை. அந்த ஒழுங்கின் அருமை எனக்குப் பிடிபட வெகு காலம் ஆயிற்று.

நான் கோலாலம்பூரில் 3டி அனிமேஷன் செய்பவன். விளம்பரம், கட்டப்போகும் அடுக்குமாடியின் மாதிரிப் படம், பள்ளிப் பாடக் காணொளி என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தேன். 2014 மார்ச் 8-ஆம் தேதி மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானம் காணாமல் போனது. 239 பேர். அந்த வாரத்தில் இந்த ஊர் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. எல்லார் கண்ணும் சுவரில் இருந்த டிவி மேல்தான்.

சில நாட்களில் ஒரு நிகழ்ச்சித் தயாரிப்புக் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. விமானத்தின் கடைசி நிமிடங்களை அனிமேஷனாகச் செய்து தர வேண்டும், நான்கு நாள் அவகாசம். எதை வைத்துச் செய்வது என்று கேட்டேன். செய்தியில் வருவதை வைத்துச் செய்யுங்கள் என்றார்கள். செய்தேன். நிலா வெளிச்சத்தில் ஒரு போயிங் 777. இருட்டான விமானி அறை. இடப்பக்கம் சரியும் இறக்கை. மேகத்துக்குள் ஒரு நீண்ட சுழல். அப்புறம் கடல். வெளிச்சம் அழகாக வந்திருந்தது, தண்ணீரும் நன்றாக வந்திருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒளிபரப்பான இரவு பாட்டி எங்கள் வீட்டில் இருந்தார். முழுக்கப் பார்த்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இத யாரு ஐயா பாத்தா?"

"யாரும் பாக்கல பாட்டி. நாங்களா செஞ்சது."

"அப்ப ஏன் பாத்தவன் மாதிரி காட்டுறீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்தில் உண்மை என்று சொல்லத்தக்கது விமானத்தின் மேல் தீட்டிய நிறம் ஒன்றுதான்.

அந்த விமானத்தைப் பற்றி உண்மையில் கையில் இருப்பது இவ்வளவுதான். அதிகாலை 1.19-க்கு விமானி அறையிலிருந்து கடைசிப் பேச்சு. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ரேடாரில் அதன் அடையாளம் மறைகிறது. தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து பினாங்குக்குத் தெற்கே அது திரும்பிய வேளையில் துணை விமானியின் கைப்பேசியைப் பினாங்கில் ஒரு கோபுரம் ஒரே ஒரு முறை உணர்ந்தது. ராணுவ ரேடாரில் 2.22 வரை ஒரு தடம். அதன் பிறகு செயற்கைக்கோளோடு சுமார் மணிக்கு ஒருமுறை நடந்த சிறு சமிக்ஞைப் பரிமாற்றம், காலை 8.19 வரை. அந்தச் சமிக்ஞை விமானம் இருந்த புள்ளியைச் சொல்லாது. செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தொலைவு என்று சொல்லும். அதனால் வரைபடத்தில் வருவது ஒரு வளைகோடு. அப்படி ஏழு வளைகோடுகள், ஏழாவது இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில். அடுத்த ஆண்டு ரீயூனியன் தீவில் இறக்கையின் ஒரு பாகம் ஒதுங்கியது. 2018 ஜூலையில் வந்த மலேசியப் புலனாய்வு அறிக்கை, காணாமல் போனதன் உண்மைக் காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றே முடிந்தது.

இதை நேர்மையாக அனிமேஷன் செய்தால் எப்படி இருக்கும்? விமானமே தெரியாது. கரும் நீலத் திரையில் ஒரு வளைகோடு, ஒரு மணி நேரம் இருட்டு, இன்னொரு வளைகோடு. நான் செய்து கொடுத்தது அதுவல்ல.

அதற்குப் பிறகு விபத்து அனிமேஷன் என்றால் என்ன என்று முறையாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். எனக்குக் கிடைத்த ஆசிரியர், சுபாங்கில் பல காலம் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் கடையில்தான் வகுப்பு. முதல் நாளே அவர் சொன்னது: "தம்பி, நீங்க மொதல்ல படத்த மறந்துடுங்க. நம்பர மட்டும் பாருங்க."

கருப்புப் பெட்டி என்று நாம் சொல்வது ஆரஞ்சு நிறப் பெட்டி. பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று விமானி அறையின் குரலைப் பதியும், மற்றது பறத்தலின் அளவுகளைப் பதியும். விமானி அறைக் குரலையும் கருவிகளின் அளவையும் ஒன்றாகப் பதியும் எண்ணம் ஆஸ்திரேலிய அறிவியலாளர் டேவிட் வாரனுடையது. 1950-களில் அவர் செய்த முதல் மாதிரி உருக்குக் கம்பியில் பதிந்தது. 1934-இல் ஒரு விமான விபத்தில் தந்தையைப் பறிகொடுத்தவர் அவர். பழைய அளவுப் பதிவுக் கருவிகள் உலோகத் தகட்டில் ஊசியால் கீறும்: உயரம், வேகம், திசை, மேல்கீழ் அதிர்வு, நேரம், அவ்வளவுதான். இன்றைய விமானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அளவுகள் பதிவாகின்றன. 25 மணி நேரப் பதிவு கையில் இருக்கும்.

இவ்வளவு இருந்தால் படம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். அண்ணன் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். ஆயிரம் அளவுகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பதிவாகிறது என்பதுதான் கேள்வி. மேல்கீழ் அதிர்வு விநாடிக்கு 8 முறை. மூக்கின் சாய்வு பல விமானங்களில் விநாடிக்கு சில முறை. திசையும் உயரமும் பெரும்பாலும் விநாடிக்கு ஒரே முறை. சில அளவுகள் 4 விநாடிக்கு ஒருமுறைதான்.

நம் டிவி படம் விநாடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனித்தனிப் படங்கள். திசை விநாடிக்கு ஒருமுறை பதிவாகிறது என்றால் 25 பிரேமில் ஒன்று விமானம் சொன்னது. மீதி 24 என் கணினி சொன்னது. இறங்க வரும் ஒரு ஜெட் விமானம் சுமார் 140 நாட் வேகத்தில் வரும், விநாடிக்கு 72 மீட்டர். அந்த 72 மீட்டருக்குள் அது எப்படிப் போனது என்று பெட்டிக்குத் தெரியாது. நான்தான் இழுத்துச் சேர்க்கிறேன்.

கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே புள்ளி வரிசைக்கு எத்தனை கோலம் வேண்டுமானாலும் போடலாம். புள்ளி ஒன்றாகவே இருக்கும், இழை கைக்குக் கை மாறும்.

இழை தப்பாகப் போகும் இடங்களை நான் ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் கற்றேன். திசையை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு நோக்கிப் பறக்கும் விமானத்தின் திசை ஒரு விநாடியில் 359, அடுத்த விநாடியில் 1. விமானம் திரும்பியது இரண்டே பாகை. ஆனால் மென்பொருளுக்கு 359 பெரிய எண், 1 சிறிய எண். இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு போடச் சொன்னால் விமானத்தை ஒரே விநாடியில் எதிர்ப்பக்கமாக 358 பாகை சுழற்றிவிடும். இது கண்ணில் படும் தப்பு, யாரும் திருத்திவிடுவார்கள். கண்ணில் படாதது வேறொன்று. அனிமேஷன்காரர்கள் எல்லாரும் வளைவை மிருதுவாக்குவோம், அது எங்கள் கைப்பழக்கம். மூன்று புள்ளிகளை மிருதுவான வளைவால் இணைத்தால், வளைவு நடுப்புள்ளியைத் தாண்டிச் சற்று மேலே எழும்பிவிட்டுத் திரும்பும். படத்தில் விமானத்தின் மூக்கு ஒரு கணம் தூக்கி இறங்கும். பார்ப்பவர், 'அங்கே பாருங்கள், விமானி மூக்கைத் தூக்குகிறார்' என்பார். எந்த விமானியும் தூக்கவில்லை. தூக்கியது வளைவு.

உயரத்தில் இன்னொரு சிக்கல். பதிவாகும் உயரம் தரையிலிருந்து அளந்தது அல்ல, காற்றழுத்தத்தைக் கொண்டு கணக்கிட்டது. கருவி கடல்மட்ட அழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்கிறது. நம் ஊரில் பல நாட்களில் அது 1010 அளவில் இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 30 அடி. திருத்தாமல் விட்டால் விமானம் ஓடுபாதைக்கு 90 அடி மேலே, ஒன்பது மாடி உயரத்தில், தரையிறங்கும். என் முதல் சோதனைப் படத்தில் அப்படித்தான் இறங்கியது. சக்கரம் காற்றில் உருண்டது. அண்ணன் திரையை வெகு நேரம் பார்த்துவிட்டு, "அழுத்தம் பாத்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் தரை. இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன், ஏனென்றால் இந்த மண் எனக்குத் தெரிந்த மண். உலகம் முழுக்க அனிமேஷன்காரர்கள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் நில உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று ரேடாரால் அளந்தது. பாலைவனத்துக்கு அருமையான தரவு. இங்கே அந்த ரேடார் கதிர் மண்ணைத் தொடவில்லை. கித்தா மரத்தின் தலையையும் செம்பனையின் ஓலையையும் தொட்டுத் திரும்பியது. அதனால் தோட்டம் இருந்த இடமெல்லாம் தரை பல மீட்டர் உயர்ந்து நிற்கும். அதோடு முடியவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் குன்றை வெட்டி வீடு கட்டுவது நின்றதே இல்லை. 1970, 80-களில் விமானம் மோதிய குன்றை இன்றைய தரவில் தேடினால் அங்கே மொட்டைத் தரையும் கார் நிறுத்துமிடமும் இருக்கலாம். நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தை எடுத்து, உயரக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்து குன்றை மறுபடி எழுப்ப வேண்டும். விமானம் மோதிய குன்றே தப்பாக இருந்தால், மோதும் நேரம், எச்சரிக்கை ஒலிக்கும் மோதலுக்கும் இடையிலான விநாடிகள் எல்லாமே தப்பாகும்.

அந்த விநாடிகள் எவ்வளவு முக்கியம் என்று எனக்குக் காட்டியது சுபாங்கில் நடந்த இன்னொரு விபத்து. 1989 பிப்ரவரி 19 அதிகாலை. ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 66-ஆம் எண் சரக்கு விமானம், போயிங் 747, சிங்கப்பூரிலிருந்து வந்தது. உள்ளே நான்கு பேர். தரைக் கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார். எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்: டூ, ஃபோர், ஸீரோ, ஸீரோ. ஆங்கிலத்தில் 2 என்ற எண்ணும், நாம் '-க்கு' என்று உருபாகச் சேர்க்கும் சொல்லும் காதுக்கு ஒன்றுதான். விமானி அறையில் அது '400-க்கு இறங்கு' என்று கேட்டது. 400 என்றே திருப்பிச் சொன்னார்கள், யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி கத்தியும் விமானம் இறங்கிக்கொண்டே போய், கடல்மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் குன்றின் சரிவில் மோதியது. நான்கு பேரும் இறந்தார்கள்.

இந்த விபத்தை 3டியில் செய்து பார்த்தேன், எனக்காக மட்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு பெரிய விமானம், அதிகாலை இருட்டில், சீராக, நிதானமாக இறங்குகிறது. குன்று வருகிறது. முடிந்தது. அதில் காரணம் எங்கே இருக்கிறது? ஒரு சொல்லில் இருக்கிறது, அந்தச் சொல்லைக் காட்ட கேமராவுக்கு வழி இல்லை. கடைசியில் நான் செய்தது இது: திரையின் இடப்பக்கம் கட்டுப்பாட்டாளர் சொன்னது, வலப்பக்கம் விமானிகள் கேட்டது, நடுவில் இரண்டு கோடுகள். ஒன்று 2,400 அடியில் இறங்குவதை நிறுத்தும் பாதை, மற்றது விமானம் உண்மையில் போன பாதை. அந்தச் சொல் வந்த கணத்தில் இரண்டு கோடும் பிரிகின்றன. விமானத்தையே எடுத்துவிட்டேன். 747-இன் மாதிரியை மூன்று வாரம் உட்கார்ந்து செய்திருந்தேன், ஆனாலும் எடுத்தேன். அது இருந்தால் கண் அதன் மேலேயே போகிறது.

வெளியிலிருந்து காட்டும் கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்து அனிமேஷனில் எங்கள் கைக்கு முதலில் வருவது அதுதான்: விமானத்துக்குப் பக்கவாட்டில், கூடவே பறந்துகொண்டு. அந்த இடத்தில் யாருமே இருந்ததில்லை. 2009 ஜூன் 1-இல் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 228 பேர். பெட்டிகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கிடைத்தன. வேகம் அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது, விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி விலகியது, நான்கரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்த அளவுகளைக் கொண்டு பக்கவாட்டிலிருந்து படம் போட்டால், மூக்கு மேலே நிமிர்ந்தபடியே விமானம் கல்லைப் போல் கீழே விழுவது தெரியும். பார்க்கும் யாரும், 'மூக்கைக் கீழே அழுத்து' என்று கத்துவார்கள். நானும் கத்தினேன்.

ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு? வெளியே இருட்டு. காற்றை இறக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று காட்டும் கருவி அவர்கள் முன் இல்லை. வேகம் 60 நாட்டுக்குக் கீழே பதிவானால் அந்தக் கோண அளவு செல்லாது என்று கணினி ஒதுக்கிவிடும், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கிறது என்ற எச்சரிக்கை நின்றுபோகும். மூக்கைக் கீழே இறக்கினால் வேகம் கூடி எச்சரிக்கை மறுபடி கத்தும். சரியானதைச் செய்யும்போது மணி அடிக்கிறது, தப்பைச் செய்யும்போது அமைதியாக இருக்கிறது. பக்கவாட்டுக் கேமராவில் இது எதுவும் தெரியாது. அந்தக் கேமராவில் உட்கார்ந்தவனுக்கு விமானிகள் முட்டாள்களாகத் தெரிவார்கள். அதனால் இப்போது நான் வெளிக்காட்சி போட்டால், அதே நேரத்தில் விமானிகளுக்கு என்ன தெரிந்தது என்பதை அதே அளவில் பக்கத்தில் போடாமல் விடுவதில்லை. ஒரு மூலையில் சின்னதாகப் போடுவது போதாது.

இது என் மனக்குறை மட்டுமல்ல. சாலை விபத்துகளை வைத்து 2006-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு, எழுத்தும் வரைபடமுமாகப் பார்த்தவர்களைவிடக் கணினி அனிமேஷனாகப் பார்த்தவர்களுக்கு 'இது நடக்கும் என்று முன்பே தெரிந்திருக்குமே' என்ற எண்ணம் கூடுதலாக வருவதைக் கண்டது. இந்தப் படங்கள் நீதிமன்றத்துக்கும் போகின்றன. 1985-இல் டாலஸில் விழுந்த டெல்டா 191 வழக்கிலேயே கணினி அனிமேஷனைத் திரையிட்டார்கள். நாடுகள் ஒப்புக்கொண்ட விதிப்படி விபத்துப் புலனாய்வின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார் மேலும் பழி சுமத்துவது அல்ல. படம் அந்த விதியைப் படித்ததில்லை. அது பார்த்த மாத்திரத்தில் பழியைக் கொண்டுபோய் ஒருவர் மடியில் வைத்துவிடுகிறது.

நல்ல கருத்தோடு செய்த படமும் இப்படிக் காலை வாரும். 1996-இல் நியூயார்க் அருகே வெடித்துச் சிதறிய டிடபிள்யூஏ 800-க்கு அமெரிக்க உளவுத்துறை ஓர் அனிமேஷன் செய்தது. முன்பகுதி பிய்ந்து போன பிறகு மீதி விமானம் சுமார் 3,000 அடி மேலே ஏறுவதாகக் காட்டியது. ஏவுகணை மாதிரி ஒளி மேலே போனதைப் பார்த்தோம் என்ற சாட்சிகளுக்கு அதுதான் விளக்கம் என்றார்கள். சாட்சிகளில் பலர், நாங்கள் பார்த்தது அதுவல்ல என்றார்கள். மையத் தொட்டியில் எரிபொருள் ஆவி தீப்பற்றியதே காரணம் என்று புலனாய்வு பின்னால் முடிவு சொன்னது. ஆனால் அந்தப் படம் கிளப்பிய சந்தேகம் வருடக்கணக்கில் ஓயவில்லை.

மாறாக எனக்குப் பாடமாக அமைந்தது எம்எச்17, உக்ரைன் வானில் ஏவுகணை தாக்கி விழுந்த மலேசிய விமானம். 298 பேர். 2014 ஜூலை 17. டச்சுப் புலனாய்வு வாரியம் 2015 அக்டோபரில் அறிக்கையோடு ஒரு காணொளியும் வெளியிட்டது. சிதறிய பாகங்களை ஒரு விமானப்படைத் தளத்தில் கம்பிச் சட்டத்தின் மேல் கோத்து விமானத்தின் முன்பகுதியை மறுபடி நிறுத்தியிருந்தார்கள். துளைகளின் கோணத்திலிருந்து ஏவுகணை வெடித்த இடத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். ஏவிய இடம் பற்றி அறிக்கை சொன்னது சுமார் 320 சதுர கிலோமீட்டர் பரப்பு என்பதுதான். ஒரு புள்ளியை வைத்திருந்தால் எல்லாருக்கும் திருப்தியாக இருந்திருக்கும். கையில் இருந்த சான்று பரப்பை மட்டும் தந்தது, அவர்களும் பரப்போடு நின்றார்கள். அறிக்கையை நான் அச்செடுத்து வைத்திருப்பது அந்தப் பக்கத்துக்காக.

2023 ஆகஸ்ட் 17 மதியம் மறுபடி எல்மினா என்ற பெயர் செய்தியில் வந்தது. லங்காவியிலிருந்து சுபாங் வந்த சிறிய பீச்கிராஃப்ட் ஜெட் பெருஞ்சாலையில் விழுந்தது. உள்ளே இருந்த 8 பேரும், சாலையில் போய்க்கொண்டிருந்த 2 பேரும் இறந்தார்கள். காரின் டேஷ்கேமில் பதிவான சில விநாடிகள் வாட்ஸ்அப்பில் பரவின. பாட்டியின் கைப்பேசிக்கும் வந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. "எல்மினாவா? நம்ம எல்மினாவா?" என்று இரண்டு முறை கேட்டார். 46 ஆண்டு கழித்து அதே பெயர்.

அந்த வாரமே என்னிடம் ஒருவர் அனிமேஷன் கேட்டார். பெரிய தொகை. அறிக்கை வரட்டும் என்றேன். அறிக்கை வரும்வரை யார் காத்திருப்பார்கள் என்றார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்த விமானத்தில் குரல் பதிவுக் கருவி மட்டும்தான் இருந்தது, அளவுப் பதிவுக் கருவி இல்லை. நான் ஒப்புக்கொண்டிருந்தால் இன்ஜின் நின்றதாகவோ பறவை மோதியதாகவோ ஒரு படம் செய்திருப்பேன், சுழலும் தண்ணீருமாகச் செய்தேனே, அது மாதிரி. புலனாய்வு கண்டது வேறு. தரையிறங்குமுன் செய்யும் சோதனையின்போது துணை விமானி, தரை தொட்ட பிறகு மட்டும் விரிய வேண்டிய இறக்கைத் தடுப்புகளைத் தவறுதலாக விரித்துவிட்டார். ஒரு கைப்பிடி. எந்தக் கற்பனையும் அங்கே போயிருக்காது.

இப்போது இரவு நேரங்களில் எல்மினாவைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1977 எல்மினாவை. யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரப்போவதும் இல்லை. பழைய நில அளவை வரைபடத்திலிருந்து குன்றும் ஓடையும் எழுப்பியாகிவிட்டது. மரங்களை நிரை பிடித்து நட்டேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியைத் திரை முன்னால் உட்கார வைத்தேன். 85 வயது, கண் சற்று மங்கல். ஆனாலும் லயத்தை நான் வைத்திருந்த இடம் தப்பு என்று உடனே சொன்னார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஐயா. இந்தப் பக்கம் பெரட்டுக்களம்." பெரட்டுக்களம் என்றால் காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். மாற்றினேன். கோயிலை மேடாக்கச் சொன்னார். கிணற்றைக் கிழக்கே தள்ளச் சொன்னார். இதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை.

கேமராவை எங்கே வைப்பது என்று கேட்டேன். குன்றுக்கு மேலே ஒன்று வைத்திருந்தேன், விமானம் வரும் திசை தெரியும்படி. பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "அங்க யாரு இருந்தா? நாங்க கீழதான இருந்தோம்."

கேமராவைக் கீழே கொண்டுவந்தேன். லயத்து வாசலுக்குள், அடுப்புக்கு முன்னால், குத்துக்காலிட்டு உட்கார்ந்த பெண்ணின் கண் உயரத்தில். அங்கிருந்து பார்த்தால் வாசல் சட்டம், கித்தா மரம், இருட்டு. விமானம் தெரியாது. தெரியவே தெரியாது. சத்தம் மட்டும் போட்டேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உருள்கிறது என்றார். குறைத்தேன். மறுபடி கேட்டார். ஆறாவது முறையோ ஏழாவது முறையோ தலையை அசைத்தார்.

"இப்ப சரி. ஆனா நின்ன பெறகு உடனே வேற சத்தம் எதுவும் போடாதே ஐயா. ஆளுங்க ஓடுனதெல்லாம் அப்பறம்தான். மொதல்ல கொஞ்ச நேரம் தவளகூடக் கத்தல."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். யோசித்தார். உலை பொங்கி வழிந்து அடுப்பு அணையும் வரை என்றார்.